ஒத்தைக் காதுக்குள் ஒரு கடல்!

அறுபது ஸ்கூல் பிள்ளைகள். ஒரு ஜிம்னேசியம். ஒரு டேப் ரெக்கார்டர். அவ்வளவுதான் மொத்த செட்டப்!

சுவரில் மோதித் திரும்பி வரும் எக்கோ காதை அடைக்கும். ஒரு குரல் அவசரப்பட்டு முன்னாடி ஓடும். நாலு குரல் 'ஏய் நில்லு' என்று பின்னாடியே துரத்தும். டிரம்ஸ் 'டம்' என்று விழுகிற இடத்தில் விழாமல், பஸ்ஸைப் பிடிக்க வந்தவன் மாதிரி அரை நொடி லேட்டாக வரும். 'எங்க ஏரியா பிள்ளையார் சதுர்த்தி ஆர்க்கெஸ்ட்ராவே இதுக்குத் தேவலையே!' என்று முதல் பத்து நொடியில் யாருக்கும் தோணும்.

ஆனால் இந்த ரெக்கார்டிங்தான் எனக்கு பிரையன் வில்சன் என்கிற மகா இசைக்காரரை அறிமுகம் பண்ணி வைத்தது. அதுவும் எப்படி? அவர் குரல் ஒரு நொடிகூட இல்லாமல்!

முதலில் இந்தப் பிள்ளைகள் கதையைச் சொல்லிடறேன்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லாங்லி என்று ஒரு ஊர். 1976-77ல் அங்கே ஹான்ஸ் ஃபெங்கர் என்று ஒரு மியூஸிக் வாத்தியார். ராக் பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஆள். வாத்தியார் வேலை அவருக்குப் புதுசு. 'குழந்தைகளுக்கு இப்படித்தான் பாட்டு சொல்லிக்கொடுக்கணும்' என்கிற ரூல் புக் எதுவும் கையில் இல்லை. அதுவே நல்லதாப்போச்சு! பொம்மை, முயல்குட்டி டைப் பாட்டெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். தனிமை, சோகம், ஏக்கம்... இதெல்லாம் இருக்கிற பாட்டுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சரி என்று ரேடியோ பாட்டுகளையே எடுத்தார். பீச் பாய்ஸ், பால் மெக்கார்ட்னி, டேவிட் போவி, ஈகிள்ஸ்! சைலஃபோன் மாதிரியான ஸ்கூல் வாத்தியங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். 'பாடுங்க' என்றார். பாடினார்கள். டேப்பில் ஏற்றினார். பிள்ளைகளின் வீடுகளுக்காகக் கொஞ்சம் எல்.பி. ரெக்கார்டு போட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. ரெக்கார்டுகள் பரணுக்குப் போய்விட்டன.

2000-ல் ஒரு பழைய சாமான் கடையில் அந்த ரெக்கார்டு ஒரு சேகரிப்பாளர் கையில் சிக்குகிறது. அவர் மூலமாக அமெரிக்க ரேடியோக்காரர் இர்வின் சூசிட் காதுக்குப் போகிறது. அடுத்த வருஷமே, அதாவது 2001-ல், 'இன்னொசன்ஸ் அண்ட் டிஸ்பேர்' என்ற பெயரில் சி.டி. வெளியாகி உலகம் சுற்றுகிறது. 'தி லாங்லி ஸ்கூல்ஸ் மியூஸிக் ப்ராஜெக்ட்' என்று தேடினால் கிடைக்கும். பாடிய பொடிசுகளுக்கு அதற்குள் முப்பது வயது தாண்டிவிட்டது!

மச்சி, இது எந்த ஸ்கேல்?

நான் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ஹாஸ்டல். என் ரூம்மேட் ஒரு கீபோர்டு பைத்தியம். கல்ச்சுரல்ஸ் சீஸனில் எங்கள் ஃப்ளோரிலிருந்து குரூப் சாங் டீம் போட்டோம். எட்டு பேர். அதில் பாடத் தெரிந்தவன் ஒருத்தன். மீதி ஏழு பேரும் நன்றாகக் கை தட்டத் தெரிந்தவர்கள்!

'பாடத் தெரியாத கும்பலை எப்படிப் பாட வைப்பது?' என்று ராத்திரி பூராவும் நெட்டைக் குடைந்துகொண்டிருந்த ரூம்மேட்தான் லாங்லி ஆல்பத்தைப் பிடித்தான். மணி ஒன்றரை. ஸ்பீக்கரில் 'காட் ஒன்லி நோஸ்' போட்டான்.

நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அந்தப் பாட்டில் ஒரு இடம் வரும். மெட்டு படியேறுகிற மாதிரி ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். பிள்ளைகளின் குரல் அங்கே போய் லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"திரும்பப் போடுடா."

போட்டான். மறுபடி போட்டான். அஞ்சாவது தடவை கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசிக்க உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் முகம் மாறிவிட்டது.

"மச்சி, இது எந்த ஸ்கேல்னே பிடிபடலைடா. 'ஈ'-ன்னு நினைச்சா 'ஏ'-வுக்குப் போகுது. 'ஏ'-ன்னு உட்கார்ந்தா நழுவுது. வீடு எங்க இருக்குன்னே தெரியாம ஒருத்தன் ஊரைச் சுத்தற மாதிரி இருக்கு!"

அவன் சொன்னது சும்மா இல்லை. இந்தப் பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்று இசை படித்தவர்களே இன்னும் பஞ்சாயத்து பண்ணுகிறார்கள். ஒரு பாட்டின் பேஸ் கிட்டார் பொதுவாக என்ன செய்யும்? அந்தந்த இடத்தின் ஆதார சுரத்தில் காலை ஊன்றி நிற்கும். இதில் பேஸ் வேண்டுமென்றே வேறு சுரத்தில் நிற்கும். தரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படி தள்ளித் தரை! அதனால்தான் அந்த மிதக்கிற ஃபீலிங். ராஜா சார் பாட்டில் பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டு வியந்திருக்கிறீர்களா? அந்த ஜாதி வியப்பு இது.

"யாருடா எழுதினது?" என்றேன்.

"பீச் பாய்ஸ். அதுல பிரையன் வில்சன்."

எலும்புக்கூடு... அப்புறம் உடம்பு!

அப்புறம்தான் ஒரிஜினலைப் போட்டோம். 1966 மே மாதம் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம். பிரையனுக்கு அப்போது வயது 23. நம்ம பைனல் இயர் முடித்து, அரியரையும் முடித்து, இன்டர்வியூவுக்கு அலைகிற வயசு!

ஒரிஜினலில் என்னென்னவோ இருக்கிறது. பிரெஞ்ச் ஹார்ன், அக்கார்டியன், புல்லாங்குழல், வயலின் கூட்டம், சலங்கை மாதிரி மணி. ஆரஞ்சு ஜூஸ் பிளாஸ்டிக் கப்பைத் தட்டிக்கூட ஒரு சத்தம் கொடுத்திருக்கிறார்கள். பிரையனின் தம்பி கார்ல் பாடுகிறார், 19 வயசு. கடைசியில் ஒரு குரல் முடிக்குமுன் இன்னொரு குரல், அது முடிக்குமுன் மூன்றாவது குரல் என்று வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து மெல்ல மறைகிறது. மொத்தமும் மூன்று நிமிஷத்துக்குள். 'எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு' என்று பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் லாங்லி பிள்ளைகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரிஜினலை முதலில் கேட்டிருந்தால் 'அடடா, என்ன அழகான சவுண்ட்' என்று அந்த ஹார்னையும் வயலினையும் ரசித்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைகள் முதலில் எனக்கு எக்ஸ்-ரே காட்டிவிட்டார்கள். நல்ல குரல் இல்லை, நல்ல வாத்தியம் இல்லை, நல்ல மைக் இல்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகும் மெட்டு நிற்கிறது. அந்தரத்தில் நிற்கிற அந்த இடம் அப்படியே நிற்கிறது. அப்படியானால் அந்த அழகு வாத்தியத்தில் இல்லை, குரலில் இல்லை. எழுதினவன் தலைக்குள் இருக்கிறது!

எலும்பு தெரிந்த பிறகு உடம்பைப் பார்த்தால் ஒவ்வொரு வாத்தியமும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரிகிறது. அந்த ஹார்ன் சும்மா டெகரேஷன் இல்லை. வீடு தேடி அலைகிற மெட்டுக்கு யாரோ தூரத்திலிருந்து குரல் கொடுக்கிற மாதிரி அது வருகிறது.

கடலுக்குப் போகாத கடற்கரைப் பையன்

பிரையன் கலிஃபோர்னியாவின் ஹாதோர்ன் என்ற ஊரில் வளர்ந்தவர். தம்பிகள் டென்னிஸ், கார்ல், கசின் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின்... இந்த அஞ்சு பேர்தான் பீச் பாய்ஸ். 60-களின் தொடக்கத்தில் கடல், அலைச்சறுக்கு, கார், பொண்ணுங்க என்று பாடி அமெரிக்காவையே ஆட்டிவைத்தவர்கள். ஆனால் செம காமெடி என்னவென்றால், அந்த குரூப்பில் அலைச்சறுக்கு தெரிந்தவர் டென்னிஸ் ஒருத்தர்தான். கடலைப் பற்றி அத்தனை பாட்டு எழுதிய பிரையன் பலகையோடு கடலில் இறங்குகிற ஆளே இல்லை!

1964 டிசம்பரில் கச்சேரிக்காக விமானத்தில் போகும்போது பிரையன் மனசு உடைந்து அழுது கதறிவிட்டார். அதற்குப் பிறகு 'நான் ஊர் ஊரா வரலை. நீங்க போய்ப் பாடுங்க, நான் இங்க இருந்து பாட்டு பண்றேன்' என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் டூரில் இருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸின் கை தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துக்கொண்டு அவர் உண்டாக்கியதுதான் 'பெட் சவுண்ட்ஸ்'. அதே 1966 அக்டோபரில் 'குட் வைப்ரேஷன்ஸ்'. அதற்கடுத்து 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைத் தொடங்கி 1967-ல் பாதியில் கைவிட்டார். இல்லாத குரல்கள் காதில் கேட்கிற மனநோய். அதைப் பற்றி அவரே பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கைவிட்ட 'ஸ்மைல்'-ஐ 2004-ல், 62 வயதை நெருங்கியும் தாண்டியும் இருந்த அந்த வருஷத்தில், திரும்ப எடுத்து முடித்தார். நம்ம ஊரில் அரியர் க்ளியர் பண்ண 37 வருஷம் எடுத்த யாரையாவது தெரியுமா? இவர் பண்ணினார்!

2025 ஜூன் 11-ம் தேதி, 82 வயதில் காலமானார்.

இத்தனையும் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. பிரையன் வில்சனுக்குச் சின்ன வயசிலிருந்தே வலது காது கிட்டத்தட்ட கேட்காது.

எந்தக் காது?

என் தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஏழு வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது. காய்ச்சல் போனது, வீக்கம் போனது, கூடவே வலது காதும் போனது. கரூரில் எங்கள் வீட்டில் இது ஒரு பெரிய விஷயமாக இப்போது யாரும் பேசுவதில்லை. பஸ்ஸில் வலது பக்கம் ஜன்னல் ஸீட் பிடிப்பாள், பேசுகிறவர்கள் இடது பக்கம் வரட்டும் என்று. ரோட்டில் நாங்கள் நடந்தால் நான் தானாக அவளுக்கு இடது பக்கம் போய்விடுவேன். பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு குரூப் சாங் ப்ராக்டீஸ். இவள் ஆசை ஆசையாகப் பேர் கொடுத்தாள். ஒரு காதில் பக்கத்துப் பிள்ளைகள் குரல் சரியாக விழாததால் கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் சுருதி தள்ளிப் பாடியிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த ஸ்கூல், யார் சொன்னது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சொன்னவர்களுக்கு மறந்தேகூட போயிருக்கும்.

ஆண்டு விழாவில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை. குளிக்கும்போதுகூட! பாட்டு கேட்பாள். நிறையக் கேட்பாள். போனில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு பக்க சத்தமும் ஒரே காதில் சேர்ந்து வரும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். அது இல்லாவிட்டால் ஸ்டீரியோ பாட்டில் வலது பக்கம் வருகிற வயலினெல்லாம் அவளுக்கு இல்லவே இல்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது மொட்டை மாடியில் அவளுக்கு லாங்லி பிள்ளைகளின் 'இன் மை ரூம்' போட்டுக் காட்டினேன். 1963-ல் பிரையன், கேரி அஷருடன் சேர்ந்து எழுதிய பாட்டு. தன் அறைக்குள், தன் கவலைகளோடு தனியாக இருக்கிற ஒருத்தரின் பாட்டு. அதை லாங்லியில் அறுபது பேர் சேர்ந்து பாடுகிறார்கள்! தனிமையை அறுபது பேர் கூடிப் பாடினால் எப்படி இருக்கும்? கேட்டால்தான் தெரியும்.

கண்ணை மூடிக் கேட்டாள். சிரித்தாள்.

"டேய் அண்ணா, இதுல ஒருத்தர்கூட சுருதியில இல்லடா!"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்புறம் ஏன்டா இவ்ளோ நல்லா இருக்கு?"

நான் பிரையனின் கதையைச் சொன்னேன். மூன்று சகோதரர்களும் ஒரே அறையில் படுத்துத் தூங்கியது, ராத்திரியில் தம்பிகளுக்கு ஆளுக்கொரு ஸ்வரவரிசை பிரித்துக் கொடுத்துச் சேர்ந்து பாட வைத்தது, எல்லாம் சொன்னேன். கடைசியாகக் காது விஷயம்.

"எந்தக் காது?"

"வலது."

எதுவும் சொல்லாமல் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். நான் அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை பிரையன் மோனோவில்தான் மிக்ஸ் பண்ணினார். அன்றைக்கு ரேடியோவும் கார் ஸ்பீக்கரும் மோனோ என்பது ஒரு காரணம். கேட்கிறவர் எங்கே உட்கார்ந்தாலும் தான் நினைத்த அதே சத்தம் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஸ்டீரியோ அவருக்கே முழுசாகக் கேட்காது என்பதும் உண்டு. அந்த ஆல்பத்துக்கு முறையான ஸ்டீரியோ மிக்ஸ் வர முப்பது வருஷம் ஆனது. அதாவது, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு ஆல்பம், ஒரு காதால் கேட்டு, ஒரு காதுக்கும் முழுசாகப் போய்ச் சேருகிற மாதிரி செய்யப்பட்டது. செட்டிங் எதுவும் மாற்றாமல் என் தங்கச்சி முழுசாகக் கேட்கக்கூடிய ஆல்பம்!

அதற்காக மறுநாளே அவள் மைக் பிடித்து ஸ்டேஜ் ஏறினாள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். இது சினிமா இல்லை. லீவு முடிகிற அன்று காலையில் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேக் எடுக்க மேலே போனேன். ஏதோ முணுமுணுப்பு கேட்டது. மெட்டு மாதிரி இல்லை. 'தும்... தும்தும்... தும்' என்று கீழே எங்கேயோ போகிறது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் பிடிபட்டது. 'காட் ஒன்லி நோஸ்' பாட்டின் பேஸ்! தரையிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கும் அதே பேஸ். நான் சத்தம் போடாமல் படியிறங்கிவிட்டேன்.

வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீங்க!

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் எங்கள் எட்டு பேர் டீமுக்கு ஒரு முடிவு எடுத்தோம். கை தட்டும் ஏழு பேரும் பாடுவார்கள். ரூம்மேட், மெட்டை அவர்கள் தொண்டைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தான். பரிசு கிடைக்கவில்லை. ஜட்ஜ் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு இருந்தது. ஆனால் கடைசிச் சரணத்தில் ஆடியன்ஸ் கூடவே பாடினார்கள்.

டி.வி. பாட்டுப் போட்டிகளில் அஞ்சு வயசுக் குழந்தைக்கு 'சுருதி கொஞ்சம் விலகுதும்மா' என்று மார்க் போடுகிற காலம் இது. ரெக்கார்டிங்கில் தப்பான சுரத்தை சாஃப்ட்வேர் பிடித்து நேராக்கிவிடும். நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நல்லாப் பாடுகிறவர்கள் பாடினால் எந்தப் பாட்டும் நல்லா இருக்கும். பாட வராதவர்கள் கூடிப் பாடும்போதும் ஒரு பாட்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எழுதினவருக்கு ஒரு சல்யூட் அடியுங்கள். பிரையன் வில்சனை நான் அளந்தது அப்படித்தான்.

உங்கள் காலேஜ் டீமிலும் பின்வரிசையில் வாயை மட்டும் அசைக்கிற ஒருத்தர் இருக்கலாம். அவரிடம் ஒரு வரியையாவது சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, இந்த வீக் எண்டுக்கு ஹோம்வொர்க்! முதலில் லாங்லி பிள்ளைகளின் 'இன் மை ரூம்', 'காட் ஒன்லி நோஸ்'. அப்புறம் அதே பாட்டுகள் பீச் பாய்ஸ் குரலில். அப்புறம் 'பெட் சவுண்ட்ஸ்' முழுசாக, மோனோவில். நடுவில் நிறுத்தக் கூடாது. கடைசியில் ரயில் ஒன்று போகும், நாய்கள் குரைக்கும். பயப்படாதீங்க, அவை பிரையன் வீட்டு நாய்கள்தான்!

வரிசையை மட்டும் மாத்திடாதீங்க மச்சான்ஸ்.